ஒன்றரை மணி நேரம்

உட்காருங்கள். உடுமலையிலிருந்து வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். கருவி எங்கும் ஓடிவிடாது. அதோ மேசை மேல் இருக்கிறது பாருங்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை. போனில் கேட்டீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள், ரிப்பேரா என்று. ரிப்பேர் இல்லை. ஒரு நாள்கூட அது தப்பாக எழுதியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி மேல் ஒரு தப்பும் இல்லை.

நீங்களும் இளம்புழு மையம்தானே ஆரம்பிக்கப் போகிறீர்கள். பட்டுப்புழு முட்டையைப் பொரிக்க வைத்து, புழுவைப் பத்து நாள் வளர்த்து, விவசாயிகளுக்குக் கொடுப்பது. அந்தப் பத்து நாள் புழு பச்சைக் குழந்தை மாதிரி. இருபத்தெட்டு டிகிரி, எண்பத்தைந்து சதம் ஈரம். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் இது வேண்டும்தான். வாங்குங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

புழு அறையில் இதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதி வேலை. சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள், சுவரின் சூட்டை எழுதும், அறையின் சூட்டை எழுதாது. ஹீட்டருக்கு எதிரே வேண்டாம். கதவுக்கு நேரே வேண்டாம். புகைபோல ஈரம் விடும் மிஷின் இருக்குமே, அதன் வாய்க்கு நேரே வேண்டவே வேண்டாம். தட்டு அடுக்குகளுக்கு நடுவில், புழு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில், ஒரு நூலில் தொங்கவிடுங்கள். புழு மேல் என்ன படுகிறதோ அதுதான் இதன் மேலும் பட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும் ஈரத்தையும் எழுதிக்கொள்ளும், மணியோடு சேர்த்து. திரை கிடையாது, சத்தம் கிடையாது. பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுக்கும், அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் வயரைச் செருகி லேப்டாப்பில் பார்க்கலாம். அந்த அறையில் அத்தனை நாளும் என்ன நடந்தது என்று ஒரு கோடாக வரும். யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதாது. அதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் நிரப்பினேன்.

நான் மஸ்கட்டில் பதினாலு வருஷம் இருந்தவன். பெரிய பெரிய குளிர்க் கிடங்குகள், ஏசி மெயின்டனன்ஸ். பேரீச்சம்பழம், மருந்து, மீன், எல்லாவற்றுக்கும் இந்த மாதிரி கருவி உண்டு. அங்கே ஒருவன் சொன்னதை இன்னொருவன் நம்ப மாட்டான், கருவி சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அந்தப் பழக்கத்தோடு நாற்பத்தாறு வயதில் இங்கே தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்து இடம் வாங்கி, அறை கட்டி, ஹீட்டர் போட்டு, ஈரம் விடும் மிஷின் போட்டு உட்கார்ந்தேன். மனைவியும் மகளும் அங்கேயேதான் இருக்கிறார்கள். மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று.

வேலைக்கு இரண்டு பேர். காலை ஆறிலிருந்து இரண்டு வரை கெம்பம்மா. இரண்டிலிருந்து ராத்திரி வரை பத்மா. பத்மா முப்பது வயதுப் பெண், பேச்சு குறைவு, வேலை நிறைய. கெம்பம்மாவுக்கு அறுபது இருக்கும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. புழு அறைக்குள் நுழைவதற்கு முன் கால் கழுவும் தொட்டியில் எல்லாரும் ஒரு முறை காலை நனைப்போம், அவர் மூன்று முறை நனைப்பார். தலையில் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார், புகையிலை போட்ட ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுவார், என்னையும் சேர்த்து. நான் சிகரெட் குடித்துவிட்டு வந்த நாளில், "நீ ஓனரா இரு சார், ஆனா வெளிய இரு" என்றார்.

உங்கள் ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் உண்டா தெரியவில்லை. முட்டை பொரிந்து எள் மாதிரி புழு வந்ததும், முதல் இலையை யார் கையால் தூவுவது என்று இங்கே பார்ப்பார்கள். கை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொண்ட கை என்றால் கூடு வெள்ளையாக, கெட்டியாக வரும். சுற்று வட்டாரத்தில் முப்பத்திரண்டு வீட்டுக்கு நான் புழு கொடுத்தேன். வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கெம்பக்கா கை பட்ட புழுதானே?" வெளி ஊர்களில்கூட வெற்றிலை பாக்கு வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போய் முதல் இலை போடச் சொல்வார்கள்.

எனக்கு அது, எப்படிச் சொல்வது, உறுத்தியது. ஹீட்டர் நான் போட்டது. ஈர மிஷின் நான் கோயம்புத்தூர் போய்த் தூக்கி வந்தது. கிருமி நாசினி, பாரபின் தாள், எல்லாம் கணக்காகச் செய்கிறவன் நான். கூடு நன்றாக வந்தால் கை. புழு நோயில் விழுந்தால் மட்டும், "சார் ரூம்ல ஏதோ கோளாறு." சரி, சூடு என்ன, ஈரம் என்ன என்று ஒரு கோட்டில் காட்டுவோம், கையா கருவியா என்று தெரியட்டும் என்றுதான் இதை வாங்கினேன். கெட்ட எண்ணம் இல்லை. அறிவியல்தானே.

மாட்டிய அன்று கெம்பம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன சார் பண்ணும்?"

"சூடு பாக்கும்."

"அதான் நான் பாக்கறேனே." மணிக்கட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். தட்டு மேல் அதைத்தான் பிடித்துப் பார்ப்பார். "சூடு ஏறிட்டா இது எறங்கி வந்து சுவிச்ச நிறுத்துமா?"

"நிறுத்தாது. எழுதி வைக்கும்."

"அப்ப நம்ம விஏஓ மாதிரி. ஏரி ஒடஞ்சப்புறம் வந்து எழுதிட்டுப் போவாரு."

பத்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அது தை மாதம். பொங்கல் முடிந்த வாரம். கருவி மாட்டி ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. புழு முதல் தூக்கத்தில் இருந்தது. உங்களுக்குத் தெரியும், தோல் உரிக்கும் முன் ஒரு நாள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்குமே, அதுதான். அந்த நேரம் தொடக் கூடாது, இலை போடக் கூடாது, சத்தம்கூடப் போட மாட்டார் கெம்பம்மா. மறுநாள் காலை எழுந்திருக்க வேண்டிய புழு எழவில்லை. சனிக்கிழமைக்குள் தட்டுத் தட்டாகச் சுருங்கி, காய்ந்த சீரகம் மாதிரி கிடந்தது. முப்பத்திரண்டு வீட்டுப் புழு. எல்லார் தோட்டத்திலும் இலை முற்றிப்போய் நிற்கிறது, அறையைக் கழுவி மருந்தடித்து வைத்திருக்கிறார்கள், புழு இல்லை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அன்றைக்கு ஒருமுறை உள்ளே போனேன். இரண்டரை மணி இருக்கும். கெம்பம்மா போய்விட்டார், பத்மா பின்னால் இலை அறையில் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் சுவிட்சில் இரண்டு பக்கம் உண்டு. ஆட்டோவில் போட்டால் இருபத்தெட்டில் தானாக நிற்கும். டைரக்டில் போட்டால் நிற்காது. டைரக்டில் போட்டால் அறை எவ்வளவு வேகமாக ஏறுகிறது, கருவி அதை எப்படி எழுதுகிறது என்று பார்க்க ஓர் ஆசை. தள்ளினேன். ஐந்து நிமிடத்துக்குத்தான். அதற்குள் மகள் கூப்பிட்டாள். உள்ளே சிக்னல் கிடைக்காது, வெளியே வந்து கொய்யா மரத்தடியில் நின்று பேசினேன். பிசிக்ஸ் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று அழுதாள். சமாதானம் சொன்னேன். பிறகு போய்த் திருப்பிவிட்டேன். திருப்பியிருப்பேன்.

அதனால் புழு செத்ததும் முதலில் பயந்தது நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வயரைச் செருகிப் பார்த்தேன். கோடு வந்தது. வியாழக்கிழமை. இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று தரை மாதிரி ஓடிவந்து ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு நிமிர்கிறது. ஒன்றரைக்கு முப்பத்தைந்து. ஒன்று ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. அப்புறம் கீழே இறங்குகிறது. இரண்டே முக்கால் வாக்கில் பழையபடி தரை.

எனக்கு மூச்சு வந்தது. நான் உள்ளே போனது இரண்டரைக்கு. இது ஒரு மணிக்கு. ஒரு மணிக்கு அறையில் இருந்தது கெம்பம்மா.

இரண்டரைக்கு நான் தள்ளிய ஐந்து நிமிடம் கோட்டில் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒன்றும் ஏறவில்லை, இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சின்ன விஷயம், விழவில்லை போல என்று விட்டுவிட்டேன். மூச்சு வந்த ஆள் கேள்வி கேட்க மாட்டான், அதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இந்த முற்றத்தில் கூடினார்கள். சென்னப்பா என்று ஒருவர், விவசாயிகளுக்கெல்லாம் முன்னால் நின்று பேசுகிறவர், அவர்தான் கேட்டார், "என்ன சார் ஆச்சு, சொல்லு" என்று. நான் லேப்டாப்பைத் திண்டு மேல் வைத்துத் திறந்து காட்டினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தடவைகூட நான் யார் பெயரையும் சொல்லவில்லை. மணியைச் சொன்னேன். ஒன்று ஐந்திலிருந்து ஒன்று ஐம்பது. அவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

கெம்பம்மா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முன்னால் வந்தார்.

"ஒரு மணிக்கு நான் சோத்துக்குக்கூட வெளிய போகல சார். உள்ளதான் ஒக்காந்திருந்தேன். நாப்பத்திரண்டு சூடுன்னா என் மேலுக்குத் தெரியாதா?"

"புழுவோட சேந்து நீயும் தூங்கிட்டியோ என்னவோ" என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சென்னப்பா சிரிக்கவில்லை.

"தூங்கல. சும்மா கண்ண மூடினாலே எனக்குக் காலு மரத்துப்போகும்." அவர் லேப்டாப் அருகில் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்தார். படிக்கத் தெரியாது. விரலை வைக்காமல் சற்றுத் தள்ளிக் காட்டிக் கேட்டார், "இதுல விடியறது எங்க சார்?"

ஒவ்வொரு நாளும் காலையில் கோடு கொஞ்சம் மேலே வளையும், வெயில் ஓட்டில் படும்போது. அந்த இடத்தைக் காட்டினேன். "இங்க. அஞ்சேகால்."

"அஞ்சேகாலுக்கு ஏது சார் வெயில்? தை மாசம்."

"ஹீட்டர் போட்டிருப்ப."

"ஹீட்டர் ராத்திரியெல்லாம்தான் ஓடுது."

பக்கத்தில் இருந்தவர்கள், "இப்ப வெயில் கணக்கு பேச வந்துட்ட" என்று சத்தம் போட்டார்கள். நான் லேப்டாப்பை மூடினேன். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உண்மையாகவே தீர்ந்துகொண்டிருந்தது.

சென்னப்பாதான் முடித்தார். "கெம்பக்கா, தப்பா எடுத்துக்காத. அந்தக் கை இனி வேணாம். எங்க வீட்டுக்கும் வேணாம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. நான் அவரை வேலையைவிட்டுப் போகச் சொல்லவும் இல்லை. மறுநாள் அவரே வரவில்லை.

அவருக்கு ஒரே மகள், சிவரத்னா. பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த வீட்டிலும் புழு வளர்க்கிறார்கள். கெம்பம்மா அங்கே போய் இருந்தார். அந்த மாதம் அவர்கள் ஓசூரிலிருந்து புழு வாங்கி விட்டிருந்தார்கள். வீட்டின் பாதி புழு அறை, உங்களுக்குத் தெரியாததா. மருமகன் ஒன்றும் சொல்லவில்லையாம். ரத்னாதான், "புழு கூடு கட்டற வரைக்கும் நீ இலை ரூம்ல படுத்துக்கம்மா" என்றிருக்கிறாள். இருபது நாள். இலை அறை எப்படி இருக்கும்? வாடாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடிய இலை, நனைந்த தரை. இந்தப் பக்கத்துத் தை மாதக் குளிர் உங்கள் ஊர்க் குளிர் மாதிரி இல்லை. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மூச்சுதான் பாக்கி. மாசி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. மாசி நடுவில் மறுபடியும் முட்டை வைத்தேன். காலை ஷிப்டுக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை. கெம்பக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். நானே ஆறு மணிக்கு எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். ஒரு வாரம் கழித்துக் கோட்டைப் பார்த்தேன். காலை நாலரைக்கு ஒரு பள்ளம். சின்னதுதான். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி இறங்கி, பத்து நிமிடத்தில் சரியாகிறது. கதவு திறந்தால் அப்படித்தான் விழும், வெளிக்குளிர் உள்ளே வந்து போகும். எல்லா நாளும். நாலரை, நாலு முப்பத்தைந்து, நாலரை. அந்த நேரத்தில் நான் கட்டிலில் கிடக்கிறேன். சாவி என் தலைமாட்டில்.

பழைய நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். தை மாதத்திலும் அதே நாலரைக்கு அதே பள்ளம். கெம்பம்மா வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் இருக்கிறது. அவர் நின்ற நாளிலிருந்து இல்லை. அப்புறம் புழு வந்ததும், மறுபடியும் இருக்கிறது.



பத்மாவிடம் காட்டினேன். அவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. "அக்கா வருது சார்" என்றாள், பால்காரர் வருகிறார் என்று சொல்கிற மாதிரி. "வந்தா வந்துட்டுப் போகுது. அதுக்கு வேற எங்க போவ முடியும்?"

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. பதினாலு வருஷம் மெஷினோடு இருந்தவன். பூட்டை மாற்றினேன். மறுநாளும் பள்ளம். கதவிடுக்கில் நூல் கட்டி வைத்தேன், நூல் அறுபடவில்லை, பள்ளம் விழுந்திருக்கிறது. கடைசியில் ஒரு நாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு மூன்றரைக்கே போய்க் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு மணி. நாலேகால். நாலரை. ஒன்றும் இல்லை. ஒரு நாய்கூட நடக்கவில்லை. ஐந்து. ஐந்தரை. சேவல் கூவியது. ஆறு மணிக்கு நானே எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனேன். கால் தொட்டியில் மூன்று முறை நனைத்தேன், ஏன் என்று தெரியவில்லை. வெறுமனே எழுதிக்கொண்டிருந்தது அது, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு. வயரைச் செருகிப் பார்த்தேன்.

நாலரைக்குப் பள்ளம்.

அறையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். லேப்டாப்பின் மூலையில் மணி தெரிந்தது. நாலு நாற்பத்திரண்டு. என் கைப் போனில் ஆறு பன்னிரண்டு.

புரிகிறதா? கருவிக்கென்று மணி கிடையாது. முதல் தடவை வயரைச் செருகித் தொடங்கும்போது லேப்டாப் என்ன மணி காட்டுகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதன் பாட்டுக்கு எழுதும். என் லேப்டாப் மஸ்கட்டிலிருந்து வந்தது. போன் விமானத்திலிருந்து இறங்கியதும் தானாக மாறிவிட்டது, லேப்டாப் மாறவில்லை, நானும் மாற்றவில்லை. மறதியில்லை. மூலையில் பார்த்தால் மஸ்கட் மணி தெரியும். இப்போது மகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள், இப்போது இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். அதற்காக அப்படியே வைத்திருந்தேன். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

அந்த நாலரைப் பள்ளம் யாருமில்லை. ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிற ஆள். தை மாதம் கெம்பம்மா. மாசி மாதம் நான்.

அப்படியென்றால் ஒன்று ஐந்து என்பது இரண்டு முப்பத்தைந்து.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். பத்மாவின் ஷிப்ட் அது. இரண்டு மணிக்கு மேல் அறை அவள் பொறுப்பு. அவள் உள்ளே வந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அன்றே அவளைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு மூணரைக்கு உள்ள வந்தியா?"

"மூணு இருவது சார். கதவத் தெறந்ததும் அடுப்புமாதிரி அடிச்சிது. சுவிச்சு டைரக்ட்ல கெடந்துது. நான்தான் நிறுத்தினேன். ஜன்னலத் தெறந்து விட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் இலைக் கத்தியைத் துடைத்து வைத்தாள். "நீங்க கொய்யா மரத்துக்கிட்ட நின்னு பாப்பாகூட பேசிட்டிருந்தீங்க. உள்ளேருந்து வந்ததையும் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம நீங்க ஒரு மணின்னு சொன்னீங்க. சரி, சார் முடிவு பண்ணிட்டாருன்னு வாய மூடிக்கிட்டேன்."

அவளையும் நான் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அடுத்த வாரம் அவளே நின்றுகொண்டாள். பார்த்தீர்களா, எல்லாரும் தானாகத்தான் போகிறார்கள்.

நான் சொல்லாமல் இருந்துவிடவில்லை. ரத்னா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அங்கே அப்போது புழு நாலாம் தூக்கம். வெளி ஆள் தாண்டக் கூடாது என்று வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது, நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். என்ன சார் என்றாள். உங்கள் அம்மாவைப் பற்றி என்றேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவளே பேசினாள்.

"எங்கம்மா தூங்கியிருக்காது சார்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் நீங்க மிஷின்ல காட்டினதா சொன்னாங்க. சரி, தூங்கிட்டுதான் இருக்கும், வயசாச்சில்லன்னு நம்பினேன். நம்பித்தான் இலை ரூம்ல படுக்க வெச்சேன். ராத்திரி இருமும், இங்க கேக்கும். கதவத் தெறந்து உள்ள கூப்பிட்டிருப்பேன், புழு இருக்குதேன்னு கூப்பிடல. அது தூங்கிட்டது நெசம்தானே சார்? மிஷின் சொன்னா நெசம்தானே?"

நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? உன் அம்மா தூங்கவில்லை, ஒரு தப்பும் செய்யாமல்தான் இலை அறையில் படுத்திருந்தார் என்றா? அவளுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் எனக்கு நிம்மதி, அவளுக்கு என்ன? நான் அதை யோசித்தேன். என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. "ஆமாம்மா, மிஷின் பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு தடவையும் போனேன். தெரு முனை வரைக்கும்.

நீங்கள் கேட்கிறீர்கள், சுவிட்சை நான் திருப்பினேனா இல்லையா என்று. மகள் அழுதுகொண்டிருந்தாள் சார். பேசி முடித்ததும் நேரே வீட்டுக்குப் போய் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். நடுவில் அறைக்குப் போன ஞாபகம் எனக்கு இல்லை. இல்லை. போதுமா? இதை வாய்விட்டு நான் சொல்வது இதுதான் முதல் தடவை. உடுமலைக்காரர், நாளைக்கு உங்களை நான் பார்க்கப்போவதில்லை, அதனால் சொன்னேன்.

சரி, வேலையைப் பார்ப்போம். உங்கள் லேப்டாப்பைத் திறங்கள். மணியைச் சரிபாருங்கள், உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துவருகிறதா? நல்லது. வயரை இங்கே செருகுங்கள். இடைவெளி எவ்வளவு என்று கேட்கும், ஐந்து நிமிடம் கொடுங்கள். பெயர் கேட்கும், உங்கள் மையத்தின் பெயரைப் போடுங்கள். அடுத்து, தொடங்கு.

ஆமாம், கேட்கும். உள்ளே இருக்கும் பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று. எப்போதும் கேட்பதுதான். புதிதாக எழுத வேண்டுமென்றால் பழையது போக வேண்டும், இடம் அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது அதுதான். தை மாதத்திலிருந்து நான் மறுபடி தொடங்கவே இல்லை. அந்த வியாழக்கிழமை, அதற்கு முன் எட்டு நாள் விடியற்காலை, மாசியில் நான் திறந்த கதவு, எல்லாம் வரிசையாக இருக்கிறது. எண்ணத் தெரிந்த யாரும் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இல்லை, வேறு பிரதி இல்லை. என் லேப்டாப்பில் இருந்தது போன வாரம் போய்விட்டது. அழித்தேனா, அழிந்ததா, அதை விடுங்கள்.

நான் அழுத்தக் கூடாது. நான் அழுத்தினால் மறைத்த மாதிரி ஆகும். நீங்கள் அழுத்தினால் ஒருவர் தன் கருவியைத் தொடங்குகிறார், அவ்வளவுதான். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லாமல் உங்களை நேரே வரச் சொன்னேன்.

என்ன, கையை எடுத்துவிட்டீர்கள்? ரத்னா வீடா? இங்கிருந்து பக்கம்தான். ஏரிக்கரையோடு போய் வலது பக்கம் மூன்றாவது வீடு, வாசலில் மல்பெரித் தண்டு அடுக்கியிருக்கும். எதற்குக் கேட்கிறீர்கள்? அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

இருங்கள், உட்காருங்கள். அது இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது பாருங்கள், ஆமா இல்லையா என்று. நீங்கள் எதையாவது ஒன்றை அழுத்துங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.